சூசையப்பர் காலடியில் ஒரு பீலர் கேஜ்

ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும் மனித உயிர்கள் அனைத்தும், தாங்கள் அறியாமலேயே, ஜொகூர் மாநிலம் மாசாயைச் சேர்ந்த ரோலண்டின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் பத்திரமாக இருந்தன. இதைச் சொன்னவர் ரோலண்ட். கோயிலில் சொன்னார், மாமாக் கடையில் டீ குடிக்கையில் சொன்னார், ரொட்டி வாங்கப் போன இடத்தில் வரிசையில் முன்னால் நின்ற சீன அங்கிளின் தோளைத் தட்டி மலாயில் சொன்னார். செனாயில் விமானம் பழுது பார்க்கும் கம்பெனியில் அவர் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பதையும், அதில் பாதி நாள் தரை துடைத்தார் என்பதையும் மட்டும் சொல்லாமல் விட்டார்.

அவர் மனைவி பேட்ரிசியாவுக்கு இரண்டுமே தெரியும். முட்டியில் எண்ணெய்க் கறையோடு வந்த காற்சட்டைகளைத் துவைத்தவள் அவள்தான். ஆனாலும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாசிர் கூடாங் எண்ணெய் ஆலைகளில் இருபது வருடம் குழாய் மாட்டிய மனிதர், குத்தகைக் கம்பெனி இழுத்து மூடப்பட்டதும் ஒரு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு வருடத்தில்தான் பேட்ரிசியா லைசென்ஸ் எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, பிளந்தோங்கிலிருந்து ஆலை ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்க ஆரம்பித்தாள். இப்போது ரோலண்டுக்கு வேலை கிடைத்துவிட்டது. மே மாத நடுவில் நிரந்தரமாக்கும் கடிதம் வரவேண்டும். அது வரும்வரை மனிதர் ஆகாயத்தையே தாங்கட்டும், நமக்கென்ன என்று அவள் இருந்தாள்.

உண்மையில் அவர் வேலை இதுதான். விமானத்தின் இஞ்சின் இறக்கைக்குக் கீழே தொங்குகிறது. அதை இடமும் வலமுமாக இரண்டு எஃகுக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் மூன்றாவதாக ஒரு முளை. அது நுழைந்திருக்கும் ஓட்டை முளையைவிடச் சற்றுப் பெரியது. ஆகவே முளை எதையும் தொடாது, எதையும் தாங்காது. கைகளில் ஒன்று ஒடிந்தால் மட்டும் இஞ்சின் ஒரு மயிரிழை இறங்கி முளையின்மேல் உட்கார்ந்துகொள்ளும். இஞ்சின் விழாது, விமானம் ஊர் போய்ச் சேரும். அப்படி எதுவும் நடக்காதவரை சும்மா இருப்பதுதான் அந்த முளையின் உத்தியோகம். அது சும்மாதான் இருக்கிறதா என்று பார்ப்பது ரோலண்டின் உத்தியோகம்.

அதற்கென்று ஒரு பீலர் கேஜ் உண்டு. பேனாக்கத்தி அளவில் இருக்கும், விரித்தால் மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல் வரும். உரிய தகட்டை முளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் விட்டு ஒரு சுற்று வரவேண்டும். சிக்காமல் வந்தால் எல்லாம் நலம். சிக்கினால், எங்கேயோ ஒரு கை தளர்ந்துவிட்டது என்று பொருள். ரோலண்ட் பார்த்து முடித்ததும் ஷிப்டுத் தலைவர் ரூபேந்திரன் வருவார். ரோலண்ட் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்பதுபோல், தன் சொந்தக் கேஜை எடுத்து முதலிலிருந்து பார்ப்பார்.

சேர்ந்த புதிதில் ரோலண்ட் அந்த முளையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ், இது லூசா இருக்கு, டைட் பண்ணிரட்டா?" என்று கேட்டிருக்கிறார். பாசிர் கூடாங்கில் லூசாக இருப்பதெல்லாம் ஒருநாள் வெடிக்கும். ரூபேந்திரன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, ஸ்பேனரை அவர் கையிலிருந்து மெதுவாக, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல், வாங்கிக்கொண்டார்.

மே முதல் தேதி, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான தொழிலாளர் சூசையப்பரின் திருநாள். மாசாய்க் கோயிலில் அன்றைக்கு ஆளாளுக்குத் தங்கள் தொழில் சாமானைக் கொண்டுவந்து சூசையப்பர் காலடியில் வைப்பார்கள், ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். போன வருடம் ரோலண்ட் வெறும் கையோடு கடைசி வரிசையில் நின்றார். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் திமோத்தி அவர் பக்கம் சாய்ந்து, "என்னாண்ணே, டிவி ரிமோட்டையாச்சும் கொண்டாந்திருக்கலாமே" என்றான். ரோலண்ட் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று மதியம் சாப்பிடவில்லை.

இந்த வருடம் திருநாள் காலையில், அவர் வெள்ளைச் சட்டைப் பாக்கெட் கனத்துத் தொங்குவதைப் பேட்ரிசியா பார்த்தாள்.

"என்னங்க அது?"

"கேஜ்."

"ஹேங்கர்லேர்ந்து ஒரு ஊசிகூட வெளிய கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"திருடிட்டா வந்தேன்? டோக்கன மாட்டிட்டுத்தான் எடுத்தேன். எனக்கு இன்னைக்கு லீவு. சூசையப்பருக்குக் காட்டிட்டு நாளைக்குக் காலைல வெச்சிருவேன். அவரும் தச்சர், டூல்ஸ் அருமை தெரிஞ்சவரு."

"ரூபேந்திரன் தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"அவரு இந்து லா. அவருக்கு இதெல்லாம் எப்படி வெளங்கும்?"

"ஆயுத பூசைக்கு அவங்க வெக்கலையா? அவருக்குத்தான் நல்லா வெளங்கும்."

ரோலண்ட் கண்ணாடி முன் போய்த் தலை சீவினார்.

டோக்கன் விஷயம் இப்படி. ஹேங்கர் என்கிற அந்தப் பெரிய கொட்டகையில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய குழி ஒன்று உண்டு. எடுப்பவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனைக் குழிக்கு மேலே மாட்டவேண்டும், திருப்பி வைத்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். ஷிப்டு முடிவில் ஒரு குழி காலியாக இருந்தால், சாமான் ஏதோ இஞ்சினுக்குள் கிடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது கிடைக்கும்வரை எந்த விமானமும் நகராது. இதெல்லாம் ரோலண்டுக்குத் தெரியும். விதி வேறு, விசுவாசம் வேறு என்று அவர் நினைத்தார்.

கோயிலில் அன்று நல்ல கூட்டம். மழைக்கு முந்திய புழுக்கம், மின்விசிறிகள் வெக்கையையே திருப்பித் திருப்பி வீசின. பீடத்துக்கு முன்னால் பிரம்புத் தட்டுகளில் வெல்டிங் முகமூடி, தையல் கத்தரிக்கோல், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவரின் கரண்டி, கிராப் வாடகை வண்டி ஓட்டும் பையனின் கைப்பேசி என்று எல்லாம் குவிந்திருந்தன. பேட்ரிசியா தன் வேன் சாவியை வைத்தாள். ரோலண்ட் கேஜை விரித்து, தகடுகள் எல்லாருக்கும் தெரியும்படி, கரண்டியைக் கொஞ்சம் ஓரம் தள்ளிவிட்டு வைத்தார்.

தீர்த்தம் தெளிப்பதில் ஃபாதர் கஞ்சத்தனம் பார்ப்பவர் அல்ல. தட்டுகள் நனைந்து சொட்டின. பிறகு, விமானத்துறையில் இருக்கும் நம் சகோதரர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று ரோலண்டைக் கூப்பிட்டார்.

"இயேசுவுக்குப் புகழ்," என்று ரோலண்ட் மைக்கைப் பிடித்தார். "நீங்க எல்லாரும் பிளேன்ல ஏறியிருப்பீங்க. ஜன்னல் வழியா இஞ்சினப் பாத்திருப்பீங்க. அத யாரு தாங்குறாங்கன்னு என்னைக்காச்சும் யோசிச்சிருக்கீங்களா?"

யாரும் யோசித்திருக்கவில்லை. ரோலண்ட் இடைவெளி விட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

அப்போது பேட்ரிசியாவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. ரோலண்டின் போன் கோயிலுக்கு மரியாதையாக அணைக்கப்பட்டிருந்தது. அவள் பக்கவாசல் வழியாக வெளியே போனாள்.

"அக்கா, ரூபேந்திரன் பேசுறேன். ரோலண்ட் அண்ணே அங்க இருக்காரா?"

"பூசையில இருக்காரு தம்பி. என்ன விசயம்?"

"நேத்து ஒரு கேஜ் எடுத்தாரு. டோக்கன் இங்க தொங்குது, கேஜக் காணோம். காலைலேர்ந்து அண்ணனுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். ஷிப்டே வேலைய நிறுத்திட்டு இஞ்சின் மூடியெல்லாம் தொறந்து டார்ச் அடிச்சுத் தேடுது. மதியத்துக்குப் பிளேன ஒப்படைக்கணும்க்கா. எங்க வெச்சாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, நான் எறங்கியாச்சும் எடுத்துடறேன்."

பேட்ரிசியா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

"தேடாதீங்க தம்பி. அது சூசையப்பர் காலடியில இருக்கு."

ரூபேந்திரன் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"சூசையப்பர்னா யாருக்கா, ஸ்டோர்ல புதுசா சேர்ந்தவரா?"

அவள் விளக்கினாள். ரூபேந்திரன் பொறுமையாகக் கேட்டார். "அலமாக்," என்று, ஐயோ என்பதுபோல், மெதுவாகச் சொன்னார். "அக்கா, மேல வரைக்கும் போயிருச்சு. அவருக்கு இன்னும் கன்பர்ம்கூட ஆவல. வேலை நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. உடனே கொண்டாரச் சொல்லுங்க."

பேட்ரிசியா உள்ளே வந்து, நடுவழியில் நின்று, கையை அசைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது, கண் கலங்கியிருந்தது. மைக்கில் இருந்த ரோலண்ட், தன் பேச்சு மனைவியையே உருக்கிவிட்டது என்று எண்ணி மேலும் ஐந்து நிமிடம் பேசினார். கடைசியில் பேட்ரிசியா பீடம்வரை நடந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சபை கைதட்டியது.

விஷயம் காதில் விழுந்ததும் ரோலண்ட் தட்டை நோக்கி ஓடினார். சாமான்களைத் திருப்பி எடுக்க எல்லாரும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கில் கையை விட்டுக் கேஜையும் வேன் சாவியையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். வேன் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஏறியபோது அவர் மடியில் கேஜும், கோயில் பெண்கள் யாரோ திணித்த நாசி லெமாக் பொட்டலங்களும் இருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. லீவு நாளானதால் தெப்ராவ் பக்கம் சரியான டிராபிக் ஜேம். வைப்பர் ஒருபக்கம்தான் வேலை செய்தது, அது பேட்ரிசியாவின் பக்கம்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா தம்பியே வழி சொல்லியிருப்பாரு," என்றாள்.

"தப்புதான்."

"போன வருசம் முழுக்க நான் ஒண்ணும் சொல்லல. நீங்க மாமாக் கடையில பெருமை அடிச்சப்பகூட ஒண்ணும் சொல்லல. அடிச்சுக்கட்டும், ஒரு வருசம் தலை குனிஞ்சு இருந்த மனுசன்னு உட்டேன்."

ரோலண்ட் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டார்.

"திமோத்தி சொன்னது உனக்குத் தெரியாது. ரிமோட்டக் கொண்டாரச் சொன்னான்."

"தெரியும். பின் வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

"நீ சொல்லவே இல்லையே."

"சொல்லி? ரெண்டு பேரும் சாப்பிடாம இருக்கணுமா? ஒருத்தராச்சும் தின்னாத்தான் வேன் ஓட்ட முடியும்."

ரோலண்ட் செனாய் வரும்வரை ராஜினாமா உரையை மனத்துக்குள் தயார் செய்தார். அதில் 'மனசாட்சி' மூன்று இடத்தில் வந்தது.

கம்பெனி வாசலில் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ரூபேந்திரன் குடை பிடித்து நின்றிருந்தார். முன்னங்கை இரண்டும் கிரீஸ். ரோலண்ட் கேஜை இரண்டு கையாலும், பூசைப் பாத்திரம்போல் நீட்டினார். ரூபேந்திரன் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, இதுல நம்ம நம்பர் எங்க?"

ரோலண்ட் எட்டிப் பார்த்தார். கம்பெனி எண் பொறித்திருக்க வேண்டிய இடத்தில், ஆணியால் கீறிய எழுத்தில் 'திமோத்தி மோட்டார்' என்று இருந்தது.

மோட்டார் சைக்கிளில் வால்வு இடைவெளி பார்க்கவும் இதே மாதிரி கேஜ்தான். திமோத்தியும் தன்னுடையதை அதே தட்டில்தான் வைத்திருந்தான். பேட்ரிசியா திமோத்தியை அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்னாக்கா, அண்ணே பேச்சு டாப்பு. எஞ்சினையே தாங்குறாராம்ல."

"திமோத்தி, உன் கேஜ் எங்க?"

"கையிலதான் இருக்கு. என்னமோ இன்னைக்கு நல்லா சைனிங் அடிக்குது. சூசையப்பர் மகிமைன்னு நெனச்சேன். ஃபாதரோட கப்சாய் பைக்கு டக்கு டக்குன்னு சத்தம் போட்டுச்சு, இங்கயே கோயில் பார்க்கிங்ல வெச்சு வால்வு செட் பண்ணிட்டேன். கச்சிதமா உக்காந்துருச்சுக்கா."

ரூபேந்திரன் குடைக்காம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அதுல நம்பர் இருக்கா பாரு," என்றாள் பேட்ரிசியா.

"இருக்கு. அட, இது என்னோடது இல்ல. யாரோடது இது?"

"பிளேனோடது. எடுத்துக்கிட்டு செனாய்க்கு வா. பறந்து வா."

அவன் வரும்வரை ரோலண்டை உள்ளே விடமுடியாது என்று காவலாளி சொல்லிவிட்டார். மூவரும் கூண்டுக் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றார்கள். பேட்ரிசியா ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை ரூபேந்திரனிடம் நீட்டினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே தின்றார். நெத்திலியை மட்டும் ஒதுக்கி ஒதுக்கிக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஆயுத பூசைக்கு நாங்களும் வெக்கிறோம்," என்றார் வாயில் சோற்றோடு. "ஹேங்கருக்குள்ளயே வெப்போம். பொட்டு வெச்சு, அப்புறம் தொடச்சு, எண்ணி, குழியில போட்டுருவோம். சாமி எங்க வேணும்னாலும் வரும்ணே. டூல்தான் வெளிய போவாது."

"நான் சொன்னேன் தம்பி," என்றாள் பேட்ரிசியா.

"ஒரு பொட்டப்பிள்ளைக்குத் தெரிஞ்சது..." என்று ரோலண்ட் ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, "அது சரிதான்" என்று முடித்தார்.

திமோத்தி தொப்பலாக வந்து சேர்ந்தான். சட்டைக்குள்ளிருந்து கேஜை எடுத்தான். எண் சரியாக இருந்தது. தகடுகளில் கறுப்பு எண்ணெய் பூசியிருந்தது. ரூபேந்திரன் ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"தீர்த்தம் தெளிச்சு அப்படியே உட்டிருந்தா துரு பிடிச்சிருக்கும். கப்சாய் ஆயில்தான் காப்பாத்தியிருக்கு," என்றார். "ஆனாலும் அளவு சரியா இருக்கான்னு அனுப்பிப் பாக்கணும்."

அவர் அதோடு உள்ளே போனார். திமோத்தி தன் கேஜைத் தேடி வாங்கிக்கொண்டு, எதுவும் கிண்டல் செய்யாமல், பேட்ரிசியா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். ரோலண்டின் பக்கம் பார்த்து, "வேலை போவாதுண்ணே" என்றான். "போனா நம்ம பட்டறைக்கு வாங்க" என்றும் சொன்னான். அதைக் கேட்டதும் ரோலண்டின் முகம் இன்னும் சுருங்கியது.

ரூபேந்திரன் திரும்பி வந்தபோது மழை தூறலாகியிருந்தது. ரோலண்ட் நிமிர்ந்து நின்றார்.

"பாஸ், நான் ஒண்ணு சொல்லிடறேன். ஆயிரக்கணக்கான உயிரு என்னை நம்பி இருக்கு. அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் பண்ணிட்டேன். என் மனசாட்சி..."

"அண்ணே, நில்லுங்க. உங்கள நம்பி எந்தப் பிளேனும் பறக்கல."

ரோலண்ட் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"என்னை நம்பியும் பறக்கல. நீங்க மறப்பீங்க, இல்லாட்டி இந்த மாதிரி எதாச்சும் பண்ணுவீங்கன்னு நெனச்சுத்தான் டோக்கன் வெச்சிருக்கு. நேத்து சாயங்காலம் அந்த டோக்கன நான் பாத்தேன். நீங்க இன்னும் மேல ஏணியில இருக்கீங்கன்னு நெனச்சுட்டு, வீட்டுக்குப் போற அவசரத்துல கெளம்பிட்டேன். நானும் உட்டுருவேன்னு தெரிஞ்சுதான் அடுத்த ஷிப்ட மறுபடி எண்ணச் சொல்லியிருக்கு. ஒண்ணு உட்டா ஒண்ணு புடிக்கும். இஞ்சினையே அப்படித்தானே மாட்டியிருக்கு? நம்மள மட்டும் ஒத்தை ஆணியிலயா தொங்க உடுவாங்க?"

"அப்ப வேலை?" என்று கேட்டது பேட்ரிசியா.

"இருக்குக்கா. டோக்கன மாட்டாம எடுத்திருந்தா இந்நேரம் கேட்டுக்கு வெளியதான். அண்ணே டோக்கன மாட்டியிருக்காரு, கேட்டதும் மறைக்காம சொல்லியிருக்கீங்க, நேரா கொண்டாந்திருக்கீங்க. அதான் பேசுனேன். கன்பர்ம் ஆவுறது மூணு மாசம் தள்ளிப்போவும். அவருக்கும் வார்னிங், எனக்கும் வார்னிங். அப்புறம் ஒண்ணு. புதுசா சேர்ற பசங்களுக்கு இந்தக் கதைய அண்ணன்தான் சொல்லணுமாம்."

"பேசணுமா?" என்றார் ரோலண்ட். அவர் முதுகு தன்னால் நேரானது. "மைக்கு இருக்குமா, பாஸ்?"

"ரெண்டு வார்த்தைதான்ணே."

ரூபேந்திரன் சிரித்துக்கொண்டே, மிச்சமிருந்த நெத்திலியைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொட்டகைப் பக்கம் ஓடினார். திமோத்தியும் கிளம்பிவிட்டான்.

வேனில் ஏறியும் பேட்ரிசியா உடனே கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவும் இருந்தது. ரோலண்ட் அவள் முதுகில் கை வைத்தார்.

"அப்ப நான் இல்லாட்டியும் பறக்குமா, பேட்ரிசியா?"

"பறக்கும்."

அவர் அதைக் கொஞ்சம் மென்று பார்த்தார்.

"நான் பாக்கறது தப்பா இருந்தாலும், தம்பி வந்து பாப்பாரு."

"ஆமா."

"ஒரு மாதிரி நிம்மதியாத்தான் இருக்கு," என்றார். "ராத்திரியெல்லாம் கண்ணு மூடாம அந்த முளையவே நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். உனக்குத் தெரியாது."

"தெரியும். பக்கத்துலதானே படுத்திருக்கேன்."

இருவரும் கடைசிப் பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துத் தின்றார்கள். மிளகாய்ச் சம்பால் சோற்றில் நன்றாக ஊறியிருந்தது. மேகம் விலகி, ஈரத் தார்ச்சாலையிலிருந்து ஆவி கிளம்பியது. வேலிக்கு அப்பால், ஓடுபாதையின் கோடியிலிருந்து ஓர் இரைச்சல் எழுந்து நெருங்கியது.

ரோலண்ட் கையில் சோற்றோடு வேனைவிட்டுக் குதித்து வேலியருகே ஓடினார். விமானம் ஒன்று தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடி, மூக்கைத் தூக்கி எழும்பியது. இறக்கைகளுக்குக் கீழே இரண்டு இஞ்சின்களும் தொங்கவேண்டிய இடத்தில் ஒழுங்காகத் தொங்கின. ரோலண்ட் சிலுவை அடையாளம் போட்டார். சம்பால் நெற்றியில் ஒட்டியது. "போய்ட்டு வாம்மா," என்றார். அது மேகத்துக்குள் மறையும்வரை வலது கையை நெஞ்சில் வைத்து, அசையாமல் நின்றார். காவலாளியும் என்னவோ ஏதோ என்று கூண்டுக்குள் எழுந்து நின்றார்.

அது வேறு கம்பெனியின் விமானம். ரோலண்டின் விமானம் இஞ்சின் மூடி திறந்தபடி இன்னும் கொட்டகைக்குள்தான் நின்றுகொண்டிருந்தது.